குழந்தையின் மூக்குக்குள் வழி காட்டும் திரை

குழந்தைகளின் மூக்கிலும் அதைச் சூழ்ந்த சைனஸ் அறைகளிலும் அறுவை சிகிச்சை நடக்கும்போது, மருத்துவரின் கையிலுள்ள கருவியின் முனை எந்த இடத்தில் இருக்கிறது என்பதை சி.டி. ஸ்கேன் படத்தின் மேல் உடனுக்குடன் காட்டும் ஏற்பாடு நேவிகேஷன் எனப்படுகிறது. அறுவை அரங்கில் இரண்டு திரைகள் இருக்கும். ஒன்றில் எண்டோஸ்கோப்பின் கேமரா காட்டும் நேரடிக் காட்சி ஓடும். மற்றதில் அதே குழந்தையின் ஸ்கேன் படம் மேலிருந்தும் முன்னிருந்தும் பக்கவாட்டிலும் வெட்டிய தோற்றத்தில் தெரியும். மூன்றிலும் ஒரு குறுக்குக்கோடு கருவியின் முனையைச் சுட்டும். வெட்டுவதும் சீழை உறிஞ்சுவதும் எலும்பை அகற்றுவதும் முழுக்க முழுக்க மருத்துவரின் கைதான். கணினி எதையும் தொடுவதில்லை, இடத்தை மட்டும் சொல்கிறது. இதை ரோபோ அறுவை சிகிச்சை என்று எண்ணிக்கொள்ளும் பெற்றோர் பலர் இருப்பதால் இந்த வேறுபாட்டை முதலிலேயே தெளிவாக்கிவிடுவது நல்லது.

இடத்தைச் சொல்ல ஒரு கணினி ஏன் தேவைப்படுகிறது என்பதற்கு மூக்கின் அமைப்பே பதில். மூக்குத் துவாரத்தின் மேல்கூரைக்கு அப்பால் மூளை. பக்கச் சுவருக்கு அப்பால் கண். பின்கோடியில் உள்ள ஆப்பெலும்பு சைனஸின் சுவரை ஒட்டிப் பார்வை நரம்பும், மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோட்டிட் தமனியும் செல்கின்றன. கண்ணையும் சல்லடை எலும்பு சைனஸையும் பிரிக்கும் சுவர், லத்தீன் பெயரிலேயே காகிதத் தகடு என்று அழைக்கப்படும் அளவுக்கு மெல்லியது. மூளைக்கு அடியில் இருக்கும் சல்லடைத் தட்டின் பக்கச் சுவர் சில இடங்களில் 0.2 மில்லி மீட்டர் தடிமன்கூட இருக்காது. அந்தத் தட்டு எவ்வளவு ஆழமாகக் கீழிறங்கியிருக்கிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும். 1962இல் கெரோஸ் என்ற ஆய்வாளர் இதை மூன்று வகையாகப் பிரித்தார்; முதல் வகையில் ஆழம் 3 மில்லி மீட்டருக்குள், மூன்றாம் வகையில் 8 மில்லி மீட்டரும் அதற்கு மேலும். எந்த வகை என்று ஸ்கேனில் பார்க்காமல் இன்று யாரும் சைனஸ் அறுவை சிகிச்சையைத் தொடங்குவதில்லை.

பெரியவர்களுக்கே இப்படி என்றால், குழந்தைகளுக்கு இதே அமைப்பு இன்னும் சிறியது, வளர்ந்துகொண்டும் இருக்கிறது. பிறக்கும்போது கன்ன சைனஸும் சல்லடை எலும்பு சைனஸும் சிறிய அளவில் இருக்கின்றன. ஆப்பெலும்பு சைனஸில் இரண்டு, மூன்று வயதுக்குப் பிறகுதான் காற்றறை உருவாகத் தொடங்குகிறது. நெற்றி சைனஸ் ஆறு, ஏழு வயதையொட்டியே ஸ்கேனில் தெளிவாகத் தெரியும். அதன் வளர்ச்சி பதின்பருவத்தின் முடிவு வரை நீள்கிறது. கன்ன சைனஸின் தரை சிறு வயதில் மூக்கின் தரையைவிட மேலே இருந்து, சுமார் 12 வயதில்தான் அதன் மட்டத்துக்கு இறங்குகிறது. ஆகவே பெரியவர்களிடம் அறுவை செய்து பழகிய மருத்துவர் கைக்கணக்காக நம்பும் அடையாளங்கள் நான்கு வயதுக் குழந்தையிடம் வேறு இடத்தில் இருக்கும், சில வேளை இருக்கவே இருக்காது. பெரியவர்களுக்கு 4 மில்லி மீட்டர் எண்டோஸ்கோப் போகிற இடத்தில், சிறு குழந்தைக்கு 2.7 மில்லி மீட்டர் கருவியே நுழைய முடியும். அதோடு, 15 கிலோ எடையுள்ள குழந்தையின் உடலில் ஓடும் மொத்த ரத்தம் ஒரு லிட்டரைச் சற்றே தாண்டும். பெரியவர் தாங்கிக்கொள்ளும் ரத்த இழப்பு குழந்தையின் உயிருக்கே ஆபத்தாகலாம். ரத்தம் கசிந்து எண்டோஸ்கோப்பின் காட்சி மங்கும்போதும் ஸ்கேன் படம் தெளிவாகவே நிற்கிறது என்பது இந்தக் கருவியின் பெரிய பலம்.

இவ்வளவும் சொன்ன பிறகு, மூக்கடைப்போடு வரும் குழந்தைகளில் மிகப் பெரும்பாலோருக்கு நேவிகேஷன் தேவையே இல்லை என்பதையும் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். அவர்களில் பலருக்கு அறுவை சிகிச்சையே தேவைப்படாது. நாள்பட்ட சளியும் பீனிசமும் உள்ள குழந்தைக்கு உப்புநீரால் மூக்கைக் கழுவுதல், மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்பிரே, தேவைப்பட்டால் ஆன்டிபயாட்டிக் என்று தொடங்கி, அதற்கும் அடங்காவிட்டால் அடினாய்டு சதையை அகற்றுவதுதான் வழக்கமான வரிசை. சைனஸைத் திறக்கும் அறுவை அதற்குப் பிறகே வரும். நெல்மணியோ புளியங்கொட்டையோ மூக்கில் சிக்கிக்கொண்ட குழந்தைக்கு நல்ல வெளிச்சமும் சரியான கொக்கியும் அனுபவமுள்ள கையும் போதும்.

குளங்கள் நிறைந்த காவிரிப் படுகையில் மறக்கக் கூடாத இன்னொரு நோய் ரைனோஸ்போரிடியோசிஸ். தமிழகத்திலும் இலங்கையிலும் பரவலாகக் காணப்படும் இந்த நோய், தேங்கிய நீரில் குளிப்பதோடு தொடர்புடையது. சிறுவர்களையும் இளைஞர்களையும் தாக்கும். மூக்கில் வெள்ளைப் புள்ளிகள் தூவிய சிவந்த சதை வளர்ந்து, தொட்டாலே ரத்தம் வடியும். இலங்கை மருத்துவ அறிஞர் கருணாரத்ன 1964இல் இந்நோய் பற்றித் தனி நூலே எழுதினார். காரணமான உயிரி நெடுங்காலம் பூஞ்சை என்றே கருதப்பட்டது. 1990களின் இறுதியில் நடந்த மரபணு ஆய்வுகள்தான் அது மீன்களைத் தாக்கும் ஒட்டுண்ணிகளின் உறவு என்று காட்டின. இதற்கான சிகிச்சை, சதையை அகற்றி அதன் வேர்ப்பகுதியைச் சுட்டுத் தீய்ப்பது. சதை பெரும்பாலும் மூக்கின் நடுச்சுவரிலோ தரையிலோ கண்ணுக்கு எதிரே இருப்பதால், கணினி வழிகாட்டுதலுக்கு இங்கே வேலை இல்லை.

நேவிகேஷன் உண்மையிலேயே உதவும் குழந்தைகள் எண்ணிக்கையில் குறைவு; ஆனால் அவர்களுக்கு அது பெரிய உதவி. ஒவ்வாமைப் பூஞ்சை சைனஸ் நோய் வெப்பமும் ஈரமும் மிகுந்த ஊர்களில் வளரிளம் பருவத்தினரை அதிகம் பாதிக்கிறது. பசைபோல் கெட்டிப்பட்ட சளி சைனஸை உள்ளிருந்து ஊதவைத்து, எலும்பைத் தேய்த்து, கண்ணை வலியில்லாமல் மெல்ல வெளியே தள்ளிவிடும். சுவர் எது, கண்ணின் உறை எது என்று அங்கே கண்ணால் பிரித்துப் பார்ப்பது கடினம். பதின்பருவ ஆண் பிள்ளைகளுக்கு வரும் ஆஞ்சியோஃபைப்ரோமா என்ற ரத்தக்குழாய்க் கட்டி இன்னொன்று. மூக்கின் பின்புறத்தில் முளைத்துக் கன்னத்துக்கும் மண்டையோட்டின் அடிக்கும் பரவும் இக்கட்டியில் ரத்தப்போக்கு கடுமையாக இருக்கும் என்பதால், அறுவைக்கு முன் அதற்கு ரத்தம் தரும் குழாய்களை அடைப்பது வழக்கம். பிட்யூட்டரி அருகே வரும் கட்டிகளை மூக்கின் வழியாக எடுக்கும்போது, காற்றறை இன்னும் உருவாகாத திட எலும்பைத் துளைத்துச் செல்ல வேண்டியிருக்கும்; சிறு குழந்தையிடம் வழி காட்ட அங்கே வேறு அடையாளமே கிடையாது. முன்பே ஒரு முறை அறுவை நடந்து அமைப்புக் குலைந்துபோன மூக்கும் இதே பட்டியலில் சேரும்.

கைக்குழந்தையின் மூக்கில் ஒரு பக்கம் மட்டும் தெரியும் சதை தனி எச்சரிக்கைக்கு உரியது. மண்டையோட்டின் அடியில் பிறவியிலேயே உள்ள இடைவெளி வழியாக மூளைத் திசுவும் அதன் உறையும் மூக்குக்குள் இறங்கி நிற்கலாம். பார்வைக்குச் சாதாரண மூக்குச் சதைபோலவே இருக்கும். ஸ்கேன் எடுக்காமல் அதைக் கிள்ளிச் சோதனைக்கு அனுப்பினால் மூளை நீர் கசிந்து மூளைக்காய்ச்சல் வரும் ஆபத்து உண்டு. எம்.ஆர்.ஐ.யும் சி.டி.யும் எடுத்து, இரண்டையும் கணினியில் ஒன்றின் மேல் ஒன்றாகப் பொருத்தி, இடைவெளியை மூடும் அறுவையைத் திட்டமிடுவது இன்றைய முறை.

அவசரமாக வருவது கண்ணைச் சுற்றிய சீழ்க்கட்டு. சளி, காய்ச்சலுக்குப் பின் ஒரு கண்ணின் இமை சிவந்து வீங்குவதில் இது தொடங்கும். சைனஸில் உள்ள தொற்று காகிதத் தகட்டைக் கடந்து கண்குழிக்குள் இறங்கியிருப்பதே காரணம். 1970இல் சாண்ட்லரும் அவருடைய சக மருத்துவர்களும் வகுத்த ஐந்து நிலைகள் இன்றும் பயன்படுகின்றன: இமையின் வீக்கம், கண்குழித் தொற்று, எலும்பை ஒட்டிய சீழ், கண்குழிக்குள் சீழ், கடைசியாக மூளையடி ரத்தநாளத்தில் உறைவு. கண் வெளியே பிதுங்குவது, அசைக்க முடியாமல் போவது, நிறம் மங்கித் தெரிவது ஆகிய மூன்றில் ஒன்று இருந்தாலும் குழந்தையை அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்; கண்குழிக்குள் அழுத்தம் ஏறினால் பார்வை சில மணி நேரத்திலேயே போய்விடக்கூடும். சிறு குழந்தையிடம் சீழ் சிறிதாக, உட்பக்கம் மட்டும் இருந்தால், ரத்தநாளம் வழியாகச் செலுத்தும் ஆன்டிபயாட்டிக்கிலேயே பல நேரம் வற்றிவிடும். ஓரிரு நாளில் குறையாவிட்டாலோ பார்வை பாதிக்கப்பட்டாலோதான் அறுவை. வீங்கிச் சிவந்து ரத்தம் கசியும் அந்த மூக்கில், கண்ணின் சுவரைச் சரியான இடத்தில் திறக்கக் குறுக்குக்கோடு துணை நிற்கிறது. அதே வேளையில், அதைப் பொருத்தக் காத்திருப்பதால் பார்வை போகும் நிலை என்றால், கருவி இல்லாமலே மருத்துவர் இறங்கிவிட வேண்டியதுதான்.

கருவியின் கதை மூளை அறுவையில் தொடங்கியது. 1908இல் லண்டனில் ஹார்ஸ்லியும் கிளார்க்கும் குரங்கின் மூளையில் ஒரு புள்ளியை அளவுகோல் கொண்டு எட்டும் சட்டகத்தை விவரித்தார்கள். 1947இல் ஃபிலடெல்ஃபியாவில் ஸ்பீகலும் வைசிஸும் அதை மனிதருக்குக் கொண்டுவந்தார்கள். 1960களில் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தி, வி. பாலசுப்பிரமணியம், எஸ். கல்யாணராமன் ஆகியோரின் குழு இம்முறையில் செய்த அறுவைகள் உலகின் கவனத்தைப் பெற்றன. ராமமூர்த்தி காவிரிப் படுகையின் சீர்காழியில் 1922இல் பிறந்தவர். அந்த அறுவைகள் நடந்த காலத்தில் சி.டி. கிடையாது, எக்ஸ்ரே படமும் தலையில் இறுக்கிய சட்டகமும் கணக்கும்தான் வழிகாட்டி. 1971இல் ஹவுன்ஸ்ஃபீல்ட் உருவாக்கிய சி.டி. ஸ்கேன் முதல் நோயாளியின் தலையைப் படமெடுத்தது. 1980களின் நடுவில் ஜெர்மனியின் ஆகன் நகரில் ஷ்லோன்டார்ஃப் குழுவினர் காது, மூக்கு, தொண்டை அறுவைக்கென முதல் கணினி வழிகாட்டியை உருவாக்கினார்கள். அதே காலத்தில்தான் ஆஸ்திரியாவில் மெஸ்ஸர்கிளிங்கர் வளர்த்தெடுத்த எண்டோஸ்கோப் சைனஸ் அறுவை உலகெங்கும் பரவியது. இரண்டும் இணைந்ததே இன்றைய நேவிகேஷன்.

இன்று இரண்டு வகைக் கருவிகள் உள்ளன. ஒளிவழிக் கருவியில் ஓர் அகச்சிவப்புக் கேமரா, அறுவைக் கருவியிலும் நோயாளியின் தலையிலும் பொருத்திய பளபளப்பான சிறு குண்டுகளைப் பார்த்து இடத்தைக் கணக்கிடும். நடுவில் யாராவது கையை நீட்டினால் பார்வை மறைந்துவிடும். காந்தவழிக் கருவியில் தலைக்கு அருகே ஒரு மெல்லிய காந்தப்புலம் உண்டாக்கப்படும். கருவியிலுள்ள நுண்ணிய கம்பிச்சுருள் அதில் எங்கே இருக்கிறது என்பது மின்னோட்டத்திலிருந்து தெரியும். மறைப்பு பொருட்டில்லை, ஆனால் பக்கத்தில் இரும்பு இருந்தால் கணக்குப் பிசகும். குழந்தைகளுக்கு இரண்டாவது வகையே அதிகம் பொருந்துகிறது. பெரியவர்களின் தலைப்பட்டை சிறு தலையில் நழுவும். மண்டையில் ஆணி வைத்து இறுக்கும் சட்டகம் மெல்லிய எலும்புள்ள பச்சிளம் குழந்தைக்கு ஆகாது. காந்தவழியில் நெற்றியில் ஒட்டும் சின்ன வில்லையே போதும்.

இதில் எல்லாமே தங்கியிருப்பது ரெஜிஸ்ட்ரேஷன் எனப்படும் ஒரு படியில்தான். ஸ்கேனில் உள்ள முகமும் மேசையில் படுத்திருக்கும் முகமும் ஒன்றுதான் என்று கணினிக்கு இணைத்துச் சொல்லும் படி அது. மருத்துவர் ஒரு முனைக் கருவியால் குழந்தையின் நெற்றி, கண்ணோரம், மூக்குத்தண்டு ஆகியவற்றின் மேல் தடவிச் செல்வார். கணினி அந்தப் புள்ளிகளை ஸ்கேனில் உள்ள தோலோடு பொருத்தும். குழந்தையின் முகத்தோல் மென்மையானது, அழுத்தினால் அமுங்கும். அமுங்கிய அளவுக்குக் கணக்கும் தவறும். மூச்சுக்குழாயைப் பிடித்து ஒட்டிய பிளாஸ்திரி தோலை இழுத்தாலும் அப்படியே. பொருத்தம் முடிந்ததும் திரை ஒரு பிழையளவைக் காட்டும். அந்த எண் சிறியதாக இருந்தால் எல்லாம் சரி என்று நம்புவதே இக்கருவியின் பெரிய பொறி. அது முகத்தின் மேல்பரப்பில் பொருத்தம் எப்படி அமைந்தது என்பதை மட்டுமே சொல்லும். முகத்திலிருந்து உள்ளே போகப் போக உண்மையான பிழை கூடும். மிக ஆபத்தான ஆப்பெலும்பு சைனஸ்தான் மிக ஆழத்தில் இருக்கிறது. ஆகவே கவனமுள்ள மருத்துவர், நடுச்சுவரின் முன்முனை, நடு மூக்குத்தட்டின் நுனி என்று கண்ணுக்கு நிச்சயமாகத் தெரிந்த இடங்களைத் தொட்டுத் திரை அதையே காட்டுகிறதா என்று தொடக்கத்திலும் இடையிலும் சோதித்துக்கொண்டே இருப்பார். எல்லாம் சரியாக அமைந்தாலும் இரண்டு மில்லி மீட்டர் வரை பிழை இருக்கலாம். சுவரோ அதைவிட மெல்லியது. எனவே, எந்தச் சுவருக்கு அருகில் வந்துவிட்டோம் என்பதைத் திரை சொல்லும். அந்தச் சுவரைத் தொடலாமா என்பதைச் சொல்லாது.

இன்னொரு எல்லை, படம் பழையது என்பது. 2018 நவம்பர் 16ஆம் தேதி கஜா புயல் வீசிய மறுநாள், திருவாரூர் மாவட்டத்தின் முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டின் வாய்க்கால்களில் முந்தைய வரைபடத்தை வைத்துப் படகு ஓட்டியவருக்குத் திசை தெரிந்திருக்கும், விழுந்து கிடக்கும் மரம் தெரிந்திருக்காது. ஸ்கேன் படமும் அறுவைக்கு முன் எடுத்தது. அறுவையில் அகற்றிய எலும்பு அதில் அப்படியே நிற்கும். கட்டியைக் குறைத்ததும் கீழிறங்கிய மூளையுறை பழைய இடத்திலேயே தெரியும். அறுவை அரங்கிலேயே மறுபடி ஸ்கேன் எடுக்கும் வசதி சில பெரிய மருத்துவமனைகளில் உண்டு. ஆனால் குழந்தைக்கு ஒவ்வொரு ஸ்கேனும் கூடுதல் கதிர்வீச்சு.

இந்தக் கதிர்வீச்சுக் கணக்கு குழந்தைகளிடம் பெரியவர்களைவிட முக்கியம். வளரும் திசுக்களுக்கு அதைத் தாங்கும் திறன் குறைவு. விளைவு வெளிப்பட வாழ்நாளும் நீளமாக இருக்கிறது. பிரிட்டனில் 22 வயதுக்குள் சி.டி. எடுத்த சுமார் 1,80,000 பேரைத் தொடர்ந்து பார்த்த ஆய்வு 2012இல் லான்செட் இதழில் வெளியானது. கதிரளவு கூடக் கூட ரத்தப் புற்றும் மூளைக் கட்டியும் வரும் வாய்ப்பு சற்றே கூடுவதை அது காட்டியது; ஒவ்வொருவருக்கும் உள்ள ஆபத்து மிகச் சிறியதுதான் என்பதையும் சேர்த்தே சொன்னது. குழந்தைக்கென அளவு குறைத்து எடுத்தால் சைனஸ் ஸ்கேனின் கதிரளவு ஒரு மில்லி சீவெர்ட்டுக்குக் கீழேயே நிற்கும். மண்ணிலிருந்தும் விண்ணிலிருந்தும் இயற்கையாக ஆண்டுதோறும் ஒருவருக்குக் கிடைப்பது உலகச் சராசரியில் 2.4 மில்லி சீவெர்ட். எனவே தேவையான ஒரு ஸ்கேனுக்கு அஞ்ச வேண்டியதில்லை. வீணாகும் ஒரு ஸ்கேனுக்கு அஞ்ச வேண்டும்.

திருவாரூர் மாவட்டத்தின் தென்கோடியில் உள்ள முத்துப்பேட்டைக் குடும்பங்களுக்கு இது நேரடியாகப் பொருந்தும். சிக்கலான மூக்கு நோயுள்ள குழந்தை அங்கிருந்து திருவாரூர் அல்லது தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும், தேவைப்பட்டால் திருச்சி, மதுரை, சென்னைக்கும் போக வேண்டியிருக்கும். வழியில் எடுத்த ஸ்கேன் தடித்த அடுக்குகளாக இருந்தால், அல்லது பிலிமாக மட்டும் கையில் இருந்தால், நேவிகேஷன் கருவி அதை ஏற்காது. அதற்கு ஒரு மில்லி மீட்டரோ அதற்கும் குறைவான தடிமனோ உள்ள, இடைவெளி இல்லாத அடுக்குகள் வேண்டும். மூக்கின் நுனியும் நெற்றித் தோலும் முழுமையாகப் படத்தில் இருக்க வேண்டும். எல்லாம் கணினித் தரவாகக் குறுந்தட்டிலோ பென்டிரைவிலோ வர வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் குழந்தையை மறுபடி ஸ்கேன் மேசையில் படுக்கவைப்பார்கள். நேவிகேஷனுக்கு உகந்த முறையில் எடுக்க வேண்டுமா என்று பரிந்துரைக்கும் மருத்துவரிடம் முதலிலேயே கேட்டு, அதைச் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளும் பெற்றோர் குழந்தைக்கு ஒரு ஸ்கேனை மிச்சப்படுத்துகிறார்கள். வளரும் மூக்கு என்பதால் பல மாதம் முந்தைய படமும் உதவாது.

செலவுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. 2012 ஜனவரியில் தொடங்கிய இத்திட்டத்தில் தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். குறிப்பிட்ட அறுவை அதில் அடங்குமா, எந்த மருத்துவமனையில் அடங்கும் என்பதை மருத்துவமனையிலுள்ள காப்பீட்டுப் பிரிவில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். பிறவிக் குறைகளை முன்கூட்டியே கண்டறிய 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் நடமாடும் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கு ஆண்டில் இரு முறையும் அரசுப் பள்ளிகளுக்கு ஒரு முறையும் வர வேண்டும் என்பது விதி. எப்போதும் வாயால் மூச்சுவிடும் பிள்ளையையும், ஒரு கண் மட்டும் துருத்தித் தெரியும் பிள்ளையையும் அந்தக் குழுவிடம் காட்டலாம்.

நேவிகேஷன் இருந்தால் விபத்து குறையும் என்று எண்ணிக்கையில் நிரூபிப்பது எளிதல்ல. பயிற்சி பெற்ற கைகளில் பெரிய விபத்துகள் ஏற்கெனவே மிக அரிது. வித்தியாசத்தைக் காட்ட ஆயிரக்கணக்கான அறுவைகளை ஒப்பிட வேண்டும். அமெரிக்காவின் காது, மூக்கு, தொண்டை மருத்துவர் சங்கமும் சிக்கலான அறுவைகளில் இதை ஆதரிக்கிறதே ஒழிய, எல்லா அறுவைக்கும் கட்டாயம் என்று சொல்லவில்லை. மருத்துவரின் முடிவுக்கே விடுகிறது. அந்த நிலைப்பாடு சரியானது. கருவி இருக்கிறது என்பதற்காக எளிய அறுவையை நீட்டினால், குழந்தை மயக்க மருந்தில் இருக்கும் நேரம்தான் கூடும். சைனஸைத் திறந்தால் முக வளர்ச்சி குன்றும் என்ற பழைய அச்சம் விலங்கு ஆய்வுகளில் பிறந்தது; அறுவை செய்த குழந்தைகளைப் பத்து ஆண்டுக்குப் பிறகு அளந்து பார்த்த அமெரிக்க ஆய்வு, 2002இல், குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்றது.

அறுவைக்குப் பின் வீட்டில் செய்ய வேண்டியது பெரும்பாலும் உப்புநீரால் மூக்கைக் கழுவுவதுதான். சிறு குழந்தை விழித்திருக்கும்போது மூக்கைச் சுத்தம் செய்யவிடாது என்பதால், சில வாரம் கழித்துக் குறுகிய மயக்கத்தில் ஒரு முறை உள்ளே பார்த்துச் சுத்தம் செய்யும் வழக்கமும் உண்டு. நின்ற காய்ச்சல் திரும்புவது, மூக்கிலிருந்து தண்ணீர்போல் ஒரே பக்கம் சொட்டுவது, இமை வீங்குவது ஆகியவை காத்திருக்கக் கூடாத அறிகுறிகள். பூஞ்சை சைனஸ் நோய் பல ஆண்டுக்குப் பிறகும் திரும்பலாம். மறு அறுவை வந்தால் மருத்துவர் பழைய படத்தோடு புதியதை ஒப்பிடுவார். அதனால் ஸ்கேன் தரவு உள்ள தட்டையும் அறுவைக் குறிப்பையும் பிறப்புச் சான்றிதழ் இருக்கும் கோப்பிலேயே சேர்த்து வைக்க வேண்டும்.